நான்கு கஜக் கோடு

செகந்திராபாத்,
12-6-1941, வியாழன்

அன்புள்ள கனகவல்லிக்கு,

உன் கடிதம் திங்களன்று வந்தது. வாட்டர் போலோவில் கோல்காரனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. இந்த ஒரு கேள்வியால்தான் மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை. தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பள்ளியில் கட்டியிருக்கும் நீச்சல் தொட்டி போதும். பக்கத்துக்கு ஏழு பேர். பந்தை ஒரு கையால்தான் பிடிக்கலாம், எறியலாம். தரையில் கால் ஊன்றி ஆடக் கூடாது. பந்து வைத்திருப்பவனை எதிராளி பிடித்து அமுக்கலாம். பந்து இல்லாதவனைத் தொட்டால் தப்பு. இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல், இல்லையென்றால் அடிதடிதான். முதல் மாதம் பந்தே வேண்டாம். நின்ற இடத்தில் மிதக்கப் பழகட்டும். கோல்காரனுக்கு மட்டும் விதிகள் வேறு. அவன் கால் ஊன்றி நிற்கலாம், இரண்டு கைகளாலும் பந்தைத் தடுக்கலாம். ஆனால் கோலிலிருந்து நான்கு கஜத்தைத் தாண்டக் கூடாது.

கழுத்தளவுத் தண்ணீரில்கூட இறங்காத எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிரிப்பாய். ரயில்வே பட்டறை ஆட்கள் ஓர் அணி சேர்த்தார்கள். என் தம்பி வரதராஜன்தான் காப்டன். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால், மாலையில் எங்கள் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துத் தமிழில் சொன்னேன். விளையாட்டினால் மனிதர்கள் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு என்றுமே கிடையாது. ஆனாலும் விளக்கிச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

ரயில்வே இன்ஸ்டிட்யூட் தொட்டியில் சனிக்கிழமை தோறும் தண்ணீர் மாற்றுவார்கள். வியாழன் வரை துரைமார்கள் குளிப்பார்கள். நம்மவர்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும், அதாவது ஆறு நாள் பழைய தண்ணீர். இது என்ன நியாயம் என்று செக்ரட்டரிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அதன் நகலை உனக்கும் அனுப்பினேன், நினைவிருக்கும். நல்ல இங்கிலீஷ் என்று நீ பாராட்டியிருந்தாய்.

அணியில் தேவசகாயம் என்று ஒருவன். பாய்லர் ஷாப்பில் வேலை, முப்பது வயது, திருநெல்வேலிப் பக்கம். அவன் அப்பா எங்கள் காலனியில் கக்கூஸ் சுத்தம் செய்பவர். பட்டறை நீச்சல் பந்தயத்தில் அவன்தான் முதல். அதனால் அதிகாரிகளே அவன் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நீக்க முடியாது. அவன் டூட்டியில் இருந்த ஒரு மாலை மற்றவர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். உலகநாதன் என்ற பிட்டர், "நமக்கு நக்கோ பாய், வேண்டாம் இந்த ஆட்டம். அவன் வந்து என் கழுத்தைக் கட்டிப்பான். வீட்டுக்குப் போனா எங்கம்மா கொல்லைக் கதவைக்கூட திறக்க மாட்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "அக்கா, நீ பி.ஏ. படிச்சவ, ஒரு வழி சொல்லேன்" என்றான் வரதராஜன்.

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கோல்ல நிறுத்துங்க. அவன் கோட்டைத் தாண்ட முடியாது, உங்களைத் தொடவும் வேண்டாம்" என்றேன்.

"படிச்ச மூளைன்னா இதுதான்" என்று உலகநாதன் கை தட்டினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கனகம். அதை மறைக்க விரும்பவில்லை. எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். அதே தண்ணீர், அதே பந்து, உடம்பு மட்டும் கூடாதா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கு டீச்சரான எனக்கு ஒரு புதிர் அவிழ்ந்த திருப்தி, அவ்வளவுதான். மறுவாரம் தேவசகாயம் என்னை வழியில் பார்த்து, டீமில் இடம் கொடுத்ததற்கு நன்றி சொன்னான். "பரவாயில்லை" என்றேன்.

போன வெள்ளி கண்டோன்மெண்ட் சிப்பாய்களோடு ஆட்டம். முதல் தடவையாகப் பார்க்கப் போயிருந்தேன். பாதி ஆட்டத்தில் உலகநாதனுக்குக் காலில் தசை பிடித்துவிட்டது. தண்ணீரைக் குடித்து முங்கி முங்கி எழுந்தான். மிக அருகில் இருந்தவன் தேவசகாயம். பாய்ந்து நீந்தி வந்தவன், நான்கு கஜக் கோட்டருகே நின்றுவிட்டான். கையைத் தூக்கி, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல, வரதராஜனைப் பார்த்தான். வரதராஜன் வேறெங்கோ பார்த்தான். கடைசியில் எதிரணிச் சிப்பாய் ஒருவன்தான் உலகநாதனைத் தூக்கிக் கரையில் போட்டான். உயிருக்கு ஒன்றுமில்லை.

"கோட்டைத் தாண்டினா விசில் ஊதிடுவான்னு பயந்துட்டான் பாரு" என்று பிறகு எல்லோரும் கேலி செய்தார்கள். தேவசகாயம் தலையைத் துவட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "டீச்சரம்மா, ஆபத்துன்னா தாண்டலாமா? புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான்.

அவன் கேட்டது புத்தகத்தைப் பற்றி அல்ல. அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. தெரிந்தும், "பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

இதுதான் நான் கோல்காரனைத் தேர்ந்தெடுத்த விதம். செக்ரட்டரிக்கு எழுதிய கடிதத்தின் நகல் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடு.

நாளை வெள்ளி. பயிற்சிக்குப் போய் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு ஆறுதல் எழுதாதே. நாளை நான் போனேனா என்று மட்டும் கேள். கேட்காமல் இருந்துவிடாதே.

உன் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக நீந்தட்டும்.

இப்படிக்கு,
உன் பாமா

13-6-1941

கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

போனேன். ஏழு பேரும் தண்ணீரில் இருந்தார்கள். தேவசகாயத்தைக் கோலில் நிறுத்தச் சொன்னது நான்தான், என்ன காரணத்துக்காக என்பதும் உங்களுக்குத் தெரியும், அது தப்பு, இனி அவர் முன்னால் ஆட வேண்டும் என்றேன். "அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றான் வரதராஜன்.

தேவசகாயத்தின் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா டீச்சரம்மா. அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல. முன்னால ஆடணும்னு எனக்கு ஆசைதான். அத நானே கேட்டுக்கிடுதேன்" என்றார். பிறகு வரதராஜன் பக்கம் திரும்பிக் கேட்டார். வரதராஜன் ஓரத்துக்கு நீந்திப் போனான்.

அணியில் அப்துல் ரஹீம் என்று ஒரு டர்னர் இருக்கிறார். அதிகம் பேசாதவர். அவர் நடுவிலிருந்து நீந்திக் கோலுக்குப் போனார். "ஹவ் பாய், சரிதான், நான் நிக்கிறேன். நீ போ" என்றார். தேவசகாயம் கோட்டைத் தாண்டி வந்தார்.

உலகநாதன்தான் முதலில் கரையேறினான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். மீதி இருந்தவர்கள் பந்தை எறிந்து ஆடினார்கள். என் தம்பி மட்டும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏறவும் இல்லை, நீந்தவும் இல்லை. ஆறு மணிக்குத் தொட்டியை மூடும்வரை அப்படியே நின்றான்.