தூருக்கு ஒரு கைப்பிடி

என்னங்க,

நான் ஹோட்டலுக்குக் கிளம்பிட்டேன். ரொட்டி சட்டியில இருக்கு, பிளாஸ்க்குல பால் ஊத்தாத சாயத்தண்ணி. சாவிய பக்கத்து வீட்டு ஹலீமா அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க.

நேத்து அத்தன பேர் முன்னுக்கு நான் உங்கள ஏசினது தப்பு. இருபது வருஷமா தேயிலைக்குத் தூருக்கு ஒரு கைப்பிடி உரம் போட்ட ஆளு, ஹோட்டல் புல்தரை வேலைக்கு வந்த நாலாம் நாளும் அப்படித்தான் போடுவீங்க. மேற்பார்வை பாக்கிற நான்தான் சொல்லித் தந்திருக்கணும்.

ஜன்னல்ல ரெண்டு தயிர்க் கப் இருக்கு, அடியில ஓட்டை போட்டிருக்கேன். ஒண்ணுல ஹோட்டல் புல்லுக்குக் கீழ இருக்கிற மணல், மத்ததுல தேயிலை மலை மண்ணு. நீங்க குடிச்ச மிச்சத்த ரெண்டுலயும் ஊத்திப் பாருங்க. மணல்ல சாயம் அப்படியே கீழ வந்துரும். மண்ணு புடிச்சு வச்சுக்கும். உரமும் அப்படித்தான், மணல்ல மொத்தமாப் போட்டா வேரக் கருக்கிட்டுக் கீழ ஓடிரும். மணலுக்குக் கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி, பரவலாத் தூவணும்.

நீங்க உரம் போட்ட இடத்துல கருகின வட்டத்துக்கெல்லாம் நல்லாத் தண்ணி ஊத்தியாச்சு. புல்லு திரும்ப வந்துரும்.

தர்மினி

எழுத மறந்துட்டேன்: பத்து மணிக்கு மேனேஜர் உங்கள வரச் சொன்னாரு. உங்களுக்குக் கைப்பிடி கணக்குச் சொன்னது நான்தான்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நல்லவர் மாதிரி போய் உண்மையச் சொல்லி வச்சிராதீங்க.