ரீச்சரிடம் மட்டும்

யூன் 17, செவ்வாய்

பத்தாம் வகுப்பு அலகுப் பரீட்சைத் தாள்கள் முப்பத்தெட்டு. பாதி திருத்தியாயிற்று. மிச்சம் வியாழன்.

ஏழாவது கேள்வி நானே யோசித்துப் போட்டது. ‘உங்கள் வட்ஸ்அப் கணக்குக்கான ஆறிலக்கக் குறியீட்டை யாருடன் பகிரலாம்?’ ஒருவருடனும் பகிரக்கூடாது என்பதுதான் விடை. தனுஷிகா எழுதியிருக்கிறாள்: ‘ரீச்சரிடம் மட்டும்.’ சிவப்புப் பேனையால் பெரிதாகப் பிழை போட்டேன். சுபாஸ் துறைமுக வேலை முடிந்து வந்து அடுப்படியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். புருசனும் மனைவியுமாக நன்றாகச் சிரித்தோம்.

ஐந்தாம் பாடத்தில் பின்வரிசையில் ஒருத்தன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். வழமைபோல் பைப்படிக்கு அனுப்பி முகம் கழுவ வைத்தேன். நித்திரை கொண்டால்கூடப் பொறுப்பேன், இது மட்டும் எனக்கு ஆகாது. ஏன் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

இரவு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இரண்டு. நல்ல நாள்.

யூன் 19, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

மாலை மிச்சத் தாள்களோடு இருந்தேன். ஆரபி ரீச்சரின் நம்பரிலிருந்து செய்தி வந்தது. பக்கத்துப் பாடசாலையில் என்னைப்போலவே ஐ.சி.ரி. என்கிற கணினிப் பாடம் படிப்பிக்கிறவள். ‘பயிற்சிப் பட்டறைக்கு உங்கள் பெயரும் பதிந்துள்ளேன். உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை உடனே அனுப்பவும். ஐந்து மணியுடன் முடிகிறது.’ படம் அவளுடையது. மணி ஐந்துக்கு நாலு நிமிடம். ஆறு இலக்கமும் வந்தது. கீழே ‘இதை யாருடனும் பகிர வேண்டாம்’ என்று இருந்தது. இருந்ததுதான். இடது கையால் அனுப்பிவிட்டேன். வலது கையில் சிவப்புப் பேனை. அப்போது திருத்திக்கொண்டிருந்தது எத்தனையாவது கேள்வி? ஏழாவது. கடவுளே.

அரை மணித்தியாலம் கழித்துப் போனை எடுத்தால் வட்ஸ்அப் திறக்கவில்லை. என் நம்பர் வேறொரு போனில் பதியப்பட்டிருக்கிறதாம். ஆரபிக்குக் கோல் எடுத்தேன். ‘ஐயோ அக்கா, என்ரை கணக்கு மத்தியானமே பறிபோயிட்டுது. அது நானில்லை!’ என்று அழுகிறாள்.

ஆரபி எனக்கு ‘அனுப்பவும்’ என்று எந்தக் காலத்தில் எழுதினாள்? ‘அனுப்புங்கோ அக்கா’ என்றல்லவா எழுதுவாள். அதுகூடவா எனக்கு உறைக்கவில்லை?

உடனே என் நம்பரைத் திரும்பப் பதிந்தேன். புது ஆறிலக்கம் வந்தது, போட்டேன், கள்ளன் வெளியே போனான். ஆனால் அதற்குள் அவன் பின் (PIN) இலக்கம் வைத்து இரண்டாவது பூட்டும் போட்டுவிட்டான். அந்த இரண்டாம் பூட்டைத்தான் நான் வகுப்பு வகுப்பாகத் தொண்டை கிழிய, ‘போடுங்கோ பிள்ளையள், போடுங்கோ’ என்று கத்துகிறேன். என் போனில் நான் போடவில்லை. நாளைக்குப் போடலாம் என்று இரண்டு வருடம் இருந்தேன். அவன் அரை மணித்தியாலத்தில் போட்டுவிட்டான். அவன் வைத்த இலக்கம் தெரியாவிட்டால் ஏழு நாள் பொறுத்திருக்க வேண்டும்.

சுபாஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். ‘நீரே குடுத்திட்டீரோ?’ அவ்வளவுதான் கேட்டார்.

ஓம். நானே கொடுத்துவிட்டேன்.

யூன் 20, வெள்ளி

பதினொரு பேர்.

வகுப்புத் தாய்மார் குழுவில் இருப்பவர்களுக்கும் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையக் குழுவில் இருப்பவர்களுக்கும் என் பெயரில் அதே மாதிரிச் செய்தி போயிருக்கிறது. பதினொரு பேர் தங்கள் ஆறிலக்கத்தை அனுப்பியிருக்கிறார்கள். ஒருவராவது ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராகக் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். எல்லோரிடமும் ஒரே பதில். ‘ரீச்சர் கேட்டால் குடுக்கத்தானே வேணும்?’

தனுஷிகாவின் தாயும் அந்தப் பதினொன்றில்.

பாலேஸ்வரி மாமியும். அதுதான் என்னைத் தின்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, கீரிமலைக் கேணிக்குப் போகிற ஒழுங்கையில் தனியே இருக்கிறார். ஒரே மகள் கஜந்தினி நோர்வேயில். யூலைக் கடைசியில் அவளுக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது, பத்து வருடம் பார்த்திருந்த பிள்ளை. தாய்க்கும் மகளுக்கும் நடுவே இருப்பது அந்த வட்ஸ்அப் ஒன்றுதான். மாமிக்கு அதைப் பழக்கிவிட்டது நான். இப்போது பறித்துக் கொடுத்ததும் நான்.

தனுஷிகாவின் தாளை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். பிள்ளை ஊரில் நடப்பதைத்தான் எழுதியிருக்கிறாள்.

யூன் 21, சனி

மாமிக்குக் கோலில் ஒன்றும் விளங்கவில்லை, வீட்டுக்கே போனேன். போக மனமில்லை, ஆனாலும் போனேன்.

‘நீ கேட்டாய், நான் கண்ணாடி போட்டு ஒவ்வொண்டாப் பாத்து அனுப்பினன். ஒரு பிழையும் விடேல்லை’ என்கிறார், பெருமையாக. அது நானில்லை, கள்ளன் என்று விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் போனது. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். ‘அப்ப இனி உன்னை எப்பிடிப் பிள்ளை நம்புறது?’

கோபித்துக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி கேட்டார். தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

சுபாஸின் போனில் கஜந்தினியோடு கதைக்க வைத்தேன். பெரிய வயிற்றைக் காட்டிச் சிரித்தாள். என்னோடு அவளுக்குக் கோபமில்லையாம். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

யூன் 27, வெள்ளி

என்னுடையது நேற்று, மாமியுடையது இன்று. இரண்டும் திரும்பி வந்துவிட்டன!

முதல் வேலையாக இரண்டாம் பூட்டு. பின் இலக்கம் மறந்தால் மீட்பதற்கு மின்னஞ்சலும் கொடுத்தேன். எங்கள் கணக்கோடு வேறு யாருடைய கணினியாவது இணைந்து கிடக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

மாமிக்குத் தன் பிறந்த திகதியைப் பின் இலக்கமாக வைக்க வேண்டுமாம். ‘வேண்டாம் மாமி, அது உங்கடை பேஸ்புக்கிலை கிடக்குது.’ ‘அப்ப மகளின்ரை?’ ‘அதுவும் கிடக்குது.’ ‘சீ, ஒண்டையும் ஒளிக்கேல்லையோ நாங்கள்?’ கடைசியில் ஏதோ ஒன்றை வைத்தார். எனக்குத் தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அடித்தார். அப்படித்தான் இருக்க வேண்டும். என் வகுப்பில் ஒருத்தியும் இவ்வளவு கெதியாகப் படித்ததில்லை.

யூன் 29, ஞாயிறு

ஒரு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட கூட்டம். ‘சமூக வலைத்தளக் கணக்குகளைப் பாதுகாப்பது எப்படி? பேச்சாளர்: பிரதீபா சுபாஸ்.’ மதிலெல்லாம் நோட்டீஸ். சனசமூக நிலையத் தலைவர் அருட்பிரகாசம் அண்ணையிடம் எனக்கு முகமில்லை, வரமாட்டேன் என்றேன். ‘உமக்கு நடந்தபடியாலைதான் பிள்ளை சனம் வரும்’ என்றார். மனிசன் சொன்னது சரி. கதிரை போதாமல் போய்விட்டது.

முதலில் தனுஷிகாவின் விடையைச் சொன்னேன். பிறகு நான் செய்ததைச் சொன்னேன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. காது சுட்டது, ஆனாலும் நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சனம் கேட்ட மாதிரி எந்த வகுப்பும் என்னைக் கேட்டதில்லை. பேஸ்புக்குக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தால் ஒன்று போனதும் மற்றதும் போகும் என்றேன். ‘இந்த வீடியோவில் இருப்பது நீங்களா?’ என்று வருகிற இணைப்பை அழுத்தினால், பேஸ்புக் மாதிரியே ஒரு பக்கம் திறந்து கடவுச்சொல்லைக் கேட்கும், அது பேஸ்புக் இல்லை என்றேன். மூன்று பேர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அழுத்தியிருக்கிறார்கள்.

‘கோல் எடுத்துக் கேட்டால் குரலிலை பிடிக்கலாம்தானே?’ என்று ஒருவர். குரலைக்கூட இப்போது அச்சு அசலாகச் செய்கிறார்கள், இணையக் கணக்குகளில் விடை இல்லாத ஏதாவது ஒரு கேள்வி கேளுங்கள் என்றேன். என்ன கேட்பது? தாயின் பெயர், படித்த பள்ளிக்கூடம், கலியாண நாள், குலதெய்வம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எல்லாம் பேஸ்புக்கில் இருக்கிறது.

முன்வரிசையிலிருந்து பாலேஸ்வரி மாமி: ‘வீட்டுப் பட்டத்தைக் கேட்டால் என்ன? அதை ஒருத்தரும் உதிலை போடேல்லையே!’

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஊர் முழுக்கத் தெரியும், முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்வதில்லை.  அருட்பிரகாசம் அண்ணை கூரையைப் பார்த்தார். அவர் வீட்டுப் பெயர் அப்படி. பிறகு சிரித்தார்கள் பார், வாசலில் படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது.

நான் ஒருத்திதான் மறுத்தேன். மரியாதையில்லை, மனம் நோகும், வேறு ஏதாவது பார்ப்போம் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெயரை நான் இந்தக் கொப்பியில்கூட எழுதியதில்லை. எழுதவும் மாட்டேன். அப்பா தாலி கட்டுகிற நேரத்தில் செய்த ஒன்றுக்காக ஊர் வைத்த பெயர். இரண்டாம் வகுப்பில் அதைச் சொன்னவனின் சிலேற்றை உடைத்திருக்கிறேன். அப்பாவோ அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவர் போய் ஒன்பது வருடம். அவர் சிரித்ததில் எனக்கு இன்னும் கோபம்.

யூலை 4, வெள்ளி

ஊர் இதை ஒரு விளையாட்டாகவே பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு மருதனார்மடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி போனை வாயோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, ‘ஓம் ஓம், ஊதுபத்தி வீடுதான். இப்ப விசயத்தைச் சொல்லண்ணை’ என்கிறாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்றவர்களுடையது என்றால் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

‘கனடாத் தம்பி பேசுகிறேன், புது நம்பர்’ என்று ஒருவருக்குச் செய்தி வந்ததாம். பட்டத்தைக் கேட்டதும் ஆளைக் காணோமாம். அருட்பிரகாசம் அண்ணை வழியில் மறித்துச் சொன்னார். சரி, வேலை செய்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ரீச்சரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டிருக்கிறார்கள். நல்லது.

யூலை 13, ஞாயிறு

மாமி நோர்வேக்கு அனுப்ப, பிள்ளை பெறப்போகிற மகளுக்குப் பத்தியச் சரக்கு இடிக்கிறார். ஒழுங்கை முழுக்க மிளகு வாசம்.

யூலை 22, செவ்வாய்

பெண் பிள்ளை! மூன்று கிலோ இருநூறு கிராம்!

ஒழுங்காக எழுதுகிறேன். இடைவேளை நேரம், ஆசிரியர் அறையில் இருந்தேன். தெரியாத நோர்வே நம்பரிலிருந்து செய்தி. ‘அக்கா, நான் கஜந்தினி. பிள்ளை பிறந்திட்டுது. இது இவரின்ரை புது நம்பர். அம்மா எடுக்கிறா இல்லை, வெட்டி வெட்டி விடுறா. ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.’ நானும் விடவில்லை. உங்கள் வீட்டுப் பட்டம் என்ன என்று கேட்டேன். சரியாக வந்தது. அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

மாமிக்குக் கோல் எடுத்தேன். ‘மாமி, கஜந்தினிக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு!’

மறுமுனையில் இருந்து, ‘ஆர்?’

‘பிரதீபா, மாமி. ரீச்சர்.’

‘ரீச்சற்றை நம்பரிலை இருந்துதான் போனமுறையும் வந்தது.’

‘என்ரை குரல் தெரியேல்லையோ?’

‘குரலும் செய்வினமெண்டு ரீச்சர்தான் சொன்னவ. பட்டத்தைச் சொல்லு.’

அறையில் பதினான்கு பேர். அதிபர் வேறு கையெழுத்துக் கொப்பியோடு நிற்கிறார். ‘மாமி, வந்து சொல்லுறனே.’ ‘அப்ப வைக்கிறன்.’ வைத்துவிடுவார், எனக்கு ஆளைத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு நான் போய்ச் சேர மூன்று மணியாகும். பத்து வருடம் பார்த்திருந்த பிள்ளை. அது பிறந்தது தெரியாமல் அந்த மனிசி அதுவரைக்கும் மிளகு இடித்துக்கொண்டிருப்பதா?

மெதுவாகச் சொன்னேன்.

‘கேக்கேல்லை!’ காதும் மந்தம்.

எழும்பி நின்று கத்தினேன். ‘கொட்டாவி! கொட்டாவி வீடு! நான் கொட்டாவியின்ரை மகள்!’

ஆசிரியர் அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமி அங்கே ஓவென்று அழத் தொடங்கினார். ‘உண்மையோ பிரதீபா? என்ரை பிள்ளைக்குப் பிள்ளையோ?’ நானும் அழுதுவிட்டேன். என்ன என்று தெரியாமலே இரண்டு ரீச்சர்மார் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அதிபர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சிரிப்போ கொட்டாவியோ, கேட்கவில்லை.

அடுத்த பாடத்துக்குள் விசயம் பத்தாம் வகுப்புவரை போய்விட்டது. வகுப்பில் ஒன்றுமே நடக்காத முகத்தோடு முப்பத்தெட்டுப் பிள்ளைகள். போங்கோ எல்லாரும் பைப்படிக்கு என்றேன். எல்லோருமாகச் சிரித்தோம்.

யூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

லீவு. அப்பாவுக்கு விரதம். என் கூடப்பிறந்த அண்ணை கீரிமலையில் பிதிர்க்கடன் கழித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். இந்த விரதத்துக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய் பொரித்துப் படைத்தோம். வாழையிலையில் கட்டி மாமிக்கும் கொண்டுபோனேன்.

மாமி சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ‘கொப்பர் தாலி கட்டேக்கை ஏன் கொட்டாவி விட்டவர் தெரியுமோ?’

தெரியாது. நாற்பத்தெட்டு வயதாகிறது, நான் கேட்டதே இல்லை.

அப்பா அப்போது காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில். கலியாணத்துக்கு முதல் நாள், தன்னோடு வேலை செய்தவரின் மனைவிக்குப் பிள்ளைநோ கண்டுவிட்டதாம். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அவருடைய இரவு வேலையை அப்பா தான் செய்திருக்கிறார். விடியக் குளித்து அப்படியே மணவறைக்கு வந்தாராம். ‘அந்த ஆள் என்ரை அண்ணைதான். எங்கடை ஆக்கள்தான் முதல் சிரிச்சது’ என்றார் மாமி. ‘கொப்பர் காரணத்தை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவரும் சேர்ந்து சிரிச்சார்.’

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. சிலேற்றை உடைத்திருக்கமாட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து, மருமகனின் நம்பரைப் பதிந்து தா என்று மாமி போனைத் தந்தார். பெயர்ப் பட்டியலில் ‘பிரதீபா ரீச்சர்’ இல்லை. நான் பழக்கின நாளில் நானே அடித்துக் கொடுத்த பெயர் அது. என் நம்பருக்கு மேல் ‘கொட்டாவியின்ரை மகள்’ என்று இருந்தது. மாமி தன் கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்திருக்கிறார்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை மாமி கண்டுவிட்டார். ‘மாத்துறதெண்டால் மாத்து பிள்ளை.’

‘கிடக்கட்டும் மாமி’ என்றேன்.