நீங்கள் குடித்த குளிசை

அன்புள்ள அம்மாவுக்கு,

டிலுக்ஷி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலியோடு இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறீர்களா? போனில் பேசும்போது அப்பா பக்கத்தில் இருப்பார். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

இங்கே கொரியாவில் நான் ஆராய்வது கர்ப்பத்தடைக் குளிசையில் இருக்கும் செயற்கை ஹோர்மோனை. சிறுநீரோடு ஆற்றில் கலந்தால், துளியளவே இருந்தாலும் ஆண் மீனின் உடம்பிலும் முட்டை உண்டாகிவிடுமாம். மின்சாரத்தால் அதை அழிக்க முடியுமா என்று பார்க்கிறோம்.

செவ்வாய்க்கிழமை அந்த மருந்து கரைந்த தண்ணீரில் மின்முனையை வைத்து, மின்னழுத்தத்தை மெல்லக் கூட்டினேன். திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு சட்டென்று மேலே எழுந்தது. மருந்து மாறத் தொடங்கும் இடம் அது. இரண்டாம் தடவை கோடு எழவேயில்லை. மின்முனையைக் கெடுத்துவிட்டேன் என்று கொஞ்சம் அழுதேன். பேராசிரியர் சிரித்தார்.

"மாறிய மருந்துதான் அதன்மேல் தோல்போலப் படிந்திருக்கிறது. தேய்த்துவிட்டுப் பார்."

தேய்த்தேன். கோடு மறுபடி எழுந்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்று அப்படி எழுந்து நின்றதைப் பார்த்து நான் நாற்காலியில் உட்காரவே மறந்துபோனேன்.

தம்பி பிறந்த பிறகு மிட்வைப் மிஸ் உங்களுக்குக் கொடுத்த குளிசையிலும் இதுதான் இருந்தது, அம்மா. "மூணாவதா ஒன்னு பொறந்திருந்தா ஒன்னைய ஏஎல் படிக்க வச்சிருக்க முடியாது புள்ள" என்று ஒருநாள் சொன்னீர்கள். நான் இங்கே வந்ததே அதனால்தானே.

என்னோடு இங்கே படிக்கும் ஷெரோமி லீவு முடிந்து ஊரிலிருந்து வரும்போது மிளகாய்த்தூளும், நம் லயத்து வீட்டுக்குக் கீழே ஓடும் ஆற்றுத் தண்ணீர் ஒரு போத்தலும் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று அவள் கேட்டால் ஆராய்ச்சிக்கு என்று சொல்லுங்கள். உண்மையில் மேசைமேல் வைத்துக்கொள்ளத்தான். நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது, இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்
டிலுக்ஷி