பாட்டில் யார் வீட்டை விட்டுப் போவது

பிப்ரவரி 11

விடிந்தும் விடியாததுமாக அம்மா போன் செய்தாள்.

"லெனி, ஒரு காதல் பாட்டுல முழங்கால் வலி வரலாமா?"

வரலாம் என்றேன்.

"கேக்கறவங்க சிரிப்பாங்களா?"

சிரிக்கட்டும் என்றேன்.

"நீ தூங்கிட்டு இருந்தியா?"

இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஐம்பத்து மூன்று வயதில் அம்மா ஆல்பம் போடுகிறாள். ட்வைலா மேப்ரி என்ற பெயர் நாஷ்வில்லில் இன்னும் சிலருக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவள் பாட்டு ரேடியோவில் புதிதாக ஒலித்தபோது நான் பால் பற்கள் கூட விழாத குழந்தை. இப்போது பன்னிரண்டு பாட்டு, எல்லாமே நடுவயதுக் காதல். படிக்கிற கண்ணாடி, முதுகுப் பிடிப்பு, குளிர்காலத்திலும் வியர்த்துக் கொட்டும் உடம்பு, இத்தனைக்கும் நடுவே டெல்மர். டெல்மர் அம்மாவின் இப்போதைய காதலர், மாட்டு வைத்தியர். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். அவருடைய கைகளைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பாட்டு இருக்கிறது. அந்தக் கைகள் அன்று காலை எந்தப் பசுவுக்குள் இருந்தன என்று எனக்குத் தெரியும். என்னால் ரசிக்க முடியவில்லை.

வார நாட்களில் பழைய புத்தகக் கடையில் வேலை. சனி, ஞாயிறு அம்மாவுக்கு வண்டி ஓட்டுகிறேன், மேஜை போட்டு அவள் படம் போட்ட பனியன் விற்கிறேன். யாராவது கேட்டால் "உதவியாளர்" என்று சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 15

இந்த ஊரில் பாட்டு எழுதுவதும் பல் பிடுங்குவதும் ஒன்றுதான். நேரம் வாங்கிக்கொண்டு போய், அறையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு வர வேண்டும். தயாரிப்பாளர் கார்வின் அனுப்பிய ஒரு பையனோடு அம்மா இன்று கடைசிப் பாட்டை எழுதி முடித்தாள். அந்தப் பையனை யாரும் இதுவரை விட்டுப் போயிருக்க மாட்டார்கள். அவன் வளர்த்த பூனை வேண்டுமானால் போயிருக்கும்.

பாட்டில் கொட்டும் மழை. கணவன் ஒரு பெட்டியோடு வீட்டை விட்டுப் போகிறான். அவள் ஜன்னலில் நிற்கிறாள்.

"அம்மா, அப்பா போகலையே. நீதானே போனே."

"அது எனக்குத் தெரியாதா?"

"அப்புறம்?"

"பாட்டுக்கு அப்படித்தான் வருது, லெனி."

அவள் போனது ஆகஸ்டில். ஒரு சொட்டு மழை கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கவுண்டி நிர்வாகம் தடை போட்டிருந்தது. அம்மா போனாள். அந்த வீட்டில் அப்பாவும் நானும் இருந்தோம்.

பாட்டில் பெயர் இல்லை என்கிறாள். பெயர் எதற்கு? மேடையில் இருபது வருடம் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசித்த ராய்ஸ்தான் அவள் புருஷன் என்று டென்னஸி முழுக்கத் தெரியும். இன்னும் அவர்தான் அவளுக்கு வாசிக்கிறார். வேறு யார் வாசித்தாலும் அவளுக்குச் சரிப்படாது. புருஷன் வேண்டாம், அவன் வாசிப்பு மட்டும் வேண்டும். இதை ஒரு நாவலில் படித்திருந்தால் நம்ப மாட்டேன்.

பிப்ரவரி 16

கார்வினிடம் நானே கேட்டேன். இனிப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே விளக்கினார்.

"கண்ணு, புருஷன் விட்டுட்டுப் போனான்னு பாடினா பொம்பளைங்க கூடவே உட்கார்ந்து அழுவாங்க. நான்தான் விட்டுட்டு வந்தேன்னு பாடினா ரேடியோவை அணைச்சிடுவாங்க. இந்தச் சட்டத்தை நான் போடல."

யார் போட்டது என்றேன். டம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? என் கடையில் இருக்கும் பழைய நாவல்களில் வீட்டை விட்டுப் போகும் மனைவிகளுக்குக் கடைசி அத்தியாயத்தில் விஷக் காய்ச்சலாவது வந்துவிடுகிறது. போகும் கணவர்களுக்கு ஜலதோஷம் கூட வருவதில்லை.

மார்ச் 3

காபிக் கடையில் பாட்டு. பாடுவதற்கு முன்னால் பாட்டு பிறந்த கதையைச் சொல்வது இங்கே வழக்கம். அம்மா கதை சொன்னாள். போன வாரம் வெறும் மழை. இன்று இடி சேர்ந்துகொண்டது. அப்பாவின் பெட்டிக்கு உடைந்த பூட்டு ஒன்று வந்துவிட்டது. ஜன்னலில் அவளோடு நானும் நிற்கிறேனாம், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது!

முடிந்ததும் பெண்கள் வரிசையில் நின்று அவள் கையைப் பிடித்து அழுதார்கள். இவளும் அழுதாள். நடிப்பில்லை, நிஜ அழுகை. அதுதான் தாங்கவில்லை.

வண்டியில் கேட்டாள்: "நல்லா இருந்துச்சா?"

"மழை நல்லா பெஞ்சுது."

ரேடியோவைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

மார்ச் 18

அப்பாவின் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிறு ஆராதனை. அப்பாவும் அங்கே வாசிக்கிறவர்தான், நடுவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று போதகர் கேட்டார். ஒருவருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. ஒருவர் மகன் ராணுவத்தில். பிறகு முன்வரிசையில் வில்மா எழுந்தாள். அப்பாவுக்கு வாரம் ஒரு பாத்திரம் கோழிக்கறி வேகவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள்.

"நம்ம சகோதரர் ராய்ஸுக்காக. குடும்பத்தைக் கைவிட்டுட்டுப் போனதுக்கு அவர் மனசு திரும்பணும்."

அம்மா காபிக் கடையில் சொன்ன கதை இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. சபை முழுக்கத் தலை குனிந்தது. அப்பாவும் குனிந்தார். முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து "ஆமென்" என்றார்.

வெளியே வந்து கத்தினேன். "எழுந்து நிஜத்தைச் சொல்லக் கூடாதாப்பா?"

"சொன்னா உங்கம்மாவைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"அவ உங்களை என்ன பண்றாளாம்?"

"அது அவ பாடு." பிறகு, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே: "பதினோரு பாட்டுக்கு வாசிக்கறேன்னு சொல்லிடு. டெல்மர் கையைப் பத்தி இருக்கே, அதுக்கும்தான். அது நல்ல பாட்டு. அந்தக் கடைசிப் பாட்டுக்கு மட்டும் கைவைக்க மாட்டேன்."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நீ சொல்லிடும்மா."

என்னை ஏன் பெற்றார்கள் என்பது இப்போது புரிகிறது. தபால் கொண்டுபோக ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

மார்ச் 19

அம்மாவிடம் சபையில் நடந்ததையும் அப்பா சொல்லச் சொன்னதையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு "நான் சரி பண்றேன்" என்றாள்.

மார்ச் 20

சரி பண்ணிவிட்டாள். போதகரைக் கூப்பிட்டு, ராய்ஸ் போனது உண்மைதான், ஆனால் தான் அவரை மனதார மன்னித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். இனி சபையும் மன்னிக்குமாம்.

எழுத எதுவும் இல்லை. சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 10

ஒலிப்பதிவு. பதினோரு பாட்டும் நேற்றும் இன்று காலையும் முடிந்தன. அப்பா சொன்னபடி எல்லாவற்றுக்கும் வாசித்தார். கைகளைப் பற்றிய பாட்டில் அம்மா ஒரு வரியை இழுத்து நிறுத்தினாள். அவர் அதை அப்படியே ஸ்டீல் கிட்டாரில் வாங்கித் தூக்கிக்கொண்டு போனார். டெல்மர் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார், விடிய விடியப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவர். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன்.

கடைசிப் பாட்டு வந்தது. அப்பா கிட்டார் கம்பிகள் மேல் வழுக்கி வாசிக்கும் இரும்புக் கட்டையைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அவர் இல்லாமல் பாடினார்கள். திரும்பத் திரும்பப் பாடினார்கள். அம்மா ஒவ்வொரு வரி முடிந்ததும் இடப்பக்கம் காது கொடுத்தாள். அங்கே ஆள் இல்லை. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றார் கார்வின். அம்மா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு வெளியே போனாள். நானும் பின்னால் ஓடினேன். அடிதடி ஆனால் விலக்கிவிட யாராவது வேண்டுமே.

அப்பா தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி உட்கார்ந்து, மிளகாய்ப் பாலாடைக்கட்டி தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் காத்துட்டு இருக்காங்க, ராய்ஸ்."

"சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாள்னு ஊரே கேக்கறது உனக்குப் பெருமையா? உன் மானத்தையும் சேர்த்துத்தான் காப்பாத்தறேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"அப்ப எதுக்கு இந்த முறுக்கு?"

அப்பா மென்று முடித்தார். "அன்னைக்கு உன் வண்டில முன்டயர் இறங்கிக் கிடந்துச்சு. நாக்ஸ்வில் வரைக்கும் போகணும்னே. ஷெட்லேருந்து காத்தடிக்கற மெஷினை இழுத்துட்டு வந்து நாலு டயருக்கும் அடிச்சேன். நீ சீட்ல உட்கார்ந்து அழுதுட்டு இருந்தே."

அம்மா பக்கத்தில் வந்து பின்கதவில் சாய்ந்தாள்.

"பாட்டுல நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடறேன். அப்ப உனக்குக் காத்தடிச்சது யாரு, ட்வைலா? அவனை எங்க காணோம்?"

அன்று நான் மாடியில் இருந்தேன், முகத்தின் மேல் புத்தகத்தைக் கவிழ்த்துக்கொண்டு. அந்த மெஷின் சத்தம் கேட்டது. பெண்டாட்டி போகிற நேரத்தில் இந்த மனிதனுக்கு ஷெட்டில் என்ன வேலை என்று நினைத்தேன். இத்தனை வருடமும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அம்மா அவர் கையிலிருந்த மீதி ரொட்டியைப் பிடுங்கித் தின்றுகொண்டே உள்ளே போனாள்.

எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, வாசிப்பவர்களுக்கு ஸ்வரங்களை எண்ணாக எழுதிக் கொடுக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். மழை போயிற்று, ஜன்னல் போயிற்று. ஒரு பெண் போகிறாள், ஒரு ஆள் குனிந்து டயருக்குக் காற்றடிக்கிறான். எவ்வளவு தூரம் போகப்போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. தாங்குகிற அளவுக்கு அடிக்கிறான்.

ஒரே தடவைதான் பாடினாள். அப்பா வாசித்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கார்வின் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "இதை வச்சு நான் என்ன பண்றது, ட்வைலா?"

சோபாவிலிருந்து டெல்மர் கண்ணைத் திறக்காமல், "டயர் நல்லா இருக்கு" என்றார்.

ஜூன் 24

ஆல்பம் வெளிவந்து இரண்டாவது வாரம். சபையில் இப்போது அம்மாவுக்காகச் செபிக்கிறார்கள். வில்மாதான் எழுந்தாளாம். கோழிக்கறி மறுபடியும் வர ஆரம்பித்துவிட்டது, இம்முறை இரண்டு பாத்திரம். அம்மாவிடம் சொன்னேன். "என் பேரைச் சொல்லி உங்கப்பன் நல்லாத் தின்னுறான்" என்றாள்.

ஜூலை 15

ரேடியோ இரண்டு பாட்டைப் போடுகிறது. அதில் டயர் பாட்டு இல்லை.

செப்டம்பர் 22

கென்டக்கியில் ஒரு சந்தைத் திடல் மண்டபம். பாதி நாற்காலி காலி. அம்மா இப்போதெல்லாம் கடைசிப் பாட்டுக்கு முன்னால் கதை சொல்வதில்லை, "இது என்னைப் பத்தினது" என்று மட்டும் சொல்கிறாள். நடுவிலேயே ஒரு பெண் புருஷனைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். கையைப் பிடித்து அழும் வரிசை எல்லாம் மார்ச்சோடு சரி. ஒருத்தி வாங்கிய பனியனைத் திருப்பிக் கொடுத்தாள்: "இவளை நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்." நானும்தான் என்று சொல்லப்போனேன். "அவங்களை உங்களுக்கு என்ன தெரியும்?" என்றுதான் வாயில் வந்தது. எனக்கே திக்கென்றிருந்தது.

எல்லாம் கட்டி வைக்கும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் போடும் சட்டை. அம்மா வயது இருக்காது, ஆனால் ரொம்பக் குறைவுமில்லை. எதையும் வாங்காமல் மேஜை விரிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசிப் பாட்டு. நிஜமா நடந்ததா?"

"நிஜம்தான்."

"பிள்ளைங்க இருந்தாங்களா?"

"ஒரு பொண்ணு. பத்தொன்பது வயசு அப்ப."

"என் பொண்ணுக்குப் பதினேழு," என்றாள். பிறகு மேடைப் பக்கம் பார்த்தாள். அங்கே யார் வயர்களைச் சுருட்டுவது என்று அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பொண்ணு அவங்ககிட்ட பேசுதா?"

நான்தான் அது என்று சொல்லவில்லை.

"ரெண்டு வருஷம் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் பேசிடுச்சு."

"நல்லபடியாவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "எங்க? எரிஞ்சு எரிஞ்சு விழும். எதைச் சொன்னாலும் குத்தம் கண்டுபிடிக்கும். தினமும் இதே கூத்துதான்."

அவள் விரல் விரிப்பில் நின்றது.

"தினமும் பேசுதா?"

ஆமாம் என்றேன்.