ஒரு பெட்டி சாக்பீஸ்

கும்மிடிப்பூண்டி
9.6.2006

அன்புள்ள அப்பாவுக்கு ஜெரால்ட் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

நேற்று இங்கே ஒரு சின்னக் குளறுபடி. எங்கள் எஃகு ஆலையின் கணினிகளை இணைக்கும் நான்கு ஸ்விட்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே பெட்டிபோல வேலை செய்கின்றன. ஐந்தாவதைச் சேர்க்க, சாப்பாட்டு நேரத்தில் நெட்வொர்க்கைப் பத்து நிமிடம் நிறுத்த மேனேஜரிடம் அனுமதி கேட்டிருந்தேன். அது வேறு கட்டடத்தில் கழற்றியது. பழைய செட்டிங்கை அழிக்க மறந்து அப்படியே இணைத்துவிட்டேன். அது தலைமையைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டது. ஐம்பது நிமிடம் நெட்வொர்க்கே இல்லை.

எடைமேடையில் ரசீது வராமல் கேட்டுக்கு வெளியே லாரிகள் நின்றுவிட்டன. அங்கே இருக்கும் தேசப்பன் அண்ணன், ஒவ்வொரு லாரிக் கதவிலும் எடையைச் சாக்பீஸால் எழுதி உள்ளே அனுப்பினார்.

"இன்னா தம்பி, மூஞ்சி இப்டி வெளுத்துப்போச்சு? நான் எய்திக்கினு கீறேன், நீ போயி உன் வேலைய பாரு" என்றார்.

மேனேஜர் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

வேலையின்போது நிமிடக் கணக்குப் பார்க்க என் பழைய கைக்கடிகாரத்தை அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமை ஆறாவது ஸ்விட்சைச் சேர்க்க வேண்டும். அன்று ஒரு மணிக்கு, வேலை முடிந்திருக்க வேண்டிய நேரத்தில், போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் இரண்டு மணிக்கும் செய்யுங்கள்.

கடை மூடுவதற்குள் தேசப்பன் அண்ணனுக்கு ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிவிட வேண்டும்.

உங்கள் மகன்,
ஜெரால்ட்