பன்றி சுடாத பிறந்தநாள்

என் மகளின் ஞானத்தகப்பனுக்கு,

"நாளைக்கு எனக்கு அறுபது. முழுப் பன்றி சுடறேன், எல்லாரும் வந்துடுங்க!" என்று நான் நம் நண்பர்கள் குரூப்பில் எழுதியது வயிற்றெரிச்சலில். மகள் துபாய்க்குப் போனபின் இந்த வீட்டுப்படியை யார் மிதித்தார்கள்? எல்லோரும் சிரிப்பு எமோஜி போட்டார்கள்.

நீ மட்டும் உன் போஹோல் தீவில் கப்பலேறி, பிறந்தநாள் நூடுல்ஸ் சட்டியோடு இங்கே செபுவுக்கு வந்து நின்றாய்.

"பன்றி எங்கடா?"

"அது கிண்டல்டா, மடையா!"

"சரி, தட்டை எடு. பசிக்குது."

நூடுல்ஸை அறுக்காமல் சாப்பிடச் சொன்னாய், அறுத்தால் ஆயுசு குறையுமாம். அன்று காலைவரை எனக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. நீ பார்த்துக்கொண்டிருந்தாய், நான் ஒன்றைக்கூட அறுக்கவில்லை.

அடுத்த வருடம் பன்றி சுடுகிறேன், வா. இது கிண்டல் இல்லை.

இப்படிக்கு,
நிஜ மடையன்