வேன் நின்ற இடத்துச் செடி

வேன்காரருக்கு,

சிவப்பென்று சொல்லி நர்சரிக்காரன் பச்சையைத் தலையில் கட்டிவிட்டான் என்று நான்கு வருடமாகத் திட்டினோமே, அந்தக் குரோட்டன்ஸ் சிவந்துவிட்டது. முதலில் நரம்புகள் சிவந்தன. பிறகு புது இலைகளெல்லாம் சிவப்பாகவே விரிந்தன. காலையில் அதன் வழியாக வரும் வெயிலில் சமையலறைச் சுவர் மெல்லச் சிவக்கிறது. பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கனவுக்குள் அடுப்பு வைத்ததுபோல் இருக்கிறது.

"உரம் ஏதாவது போட்டியாம்மா?" என்று கேட்ட மகள், தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அது அப்பா வேன் நின்ன இடம்மா. இப்பதான் செடிக்கு வெயில் படுது."

நீங்கள் கிளம்பிப் போய் மூன்று மாதமாகிறது. அன்று என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுதப் போவதில்லை. செடிக்கும் கேட்டிருக்கும்.

நேற்று எதிர்வீட்டுக்காரர், "இடம் சும்மாதானே கிடக்கு, என் காரை விட்டுக்கட்டுமா?" என்றார்.

"இல்லீங்க, அவர் வந்துருவார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

செடியைத் திரும்பிப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

வரும்போது வேனைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அதே வாய்க்காரி